திருச்சி ஹிப்னோதெரபி சென்டரில் அக்காவுக்கு நடந்தது

இந்த முறை இங்கிலாந்தின் மான்செஸ்டரிலிருந்து ஊருக்கு வந்திருந்தேன். நான் எழுத உட்கார்ந்தது, திருச்சியில் அக்காவுடன் ஒரு ஹிப்னோதெரபி (மனோவசிய சிகிச்சை) சென்டருக்குப் போய்வந்ததைப் பற்றி. கோபம் இன்னும் ஆறவில்லை.

அக்காவுக்கு நெடுநாளாக வயிற்றுத் தொந்தரவு. சாப்பிட்டதும் வலி, உப்புசம். வெளியூர் பஸ் ஏறவே பயம். ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் நார்மல். எரிச்சல் குடல் நோய், டாக்டர்கள் ஐ.பி.எஸ். என்பார்கள். எனக்கும் அது இருந்தது. மான்செஸ்டரில் மாத்திரைக்குக் கட்டுப்படாததால் ஆஸ்பத்திரியிலேயே ஹிப்னோதெரபிக்கு அனுப்பினார்கள். அந்த ஊரில்தான் பீட்டர் வோர்வெல் என்ற குடல் மருத்துவர் 30 நோயாளிகளிடம் இதைச் சோதித்து 1984இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். அங்கே சிகிச்சை பெற்ற ஆயிரம் பேரின் கணக்கு 2015இல் வந்தது. நூற்றுக்கு 76 பேருக்குப் பலன் தெரிந்திருக்கிறது. மிச்சப் பேருக்கு இல்லை. அதனால்தான் 'ஒரே சிட்டிங்கில் நிரந்தரத் தீர்வு' என்ற ஃப்ளெக்ஸைப் பார்த்ததுமே எனக்கு நெருடியது. ஆனால் நான் வந்து இறங்குவதற்குள் அக்கா பணம் கட்டியிருந்தாள்.

அக்கா கொண்டுபோன ரிப்போர்ட் ஃபைலை சென்டரில் சிட்டிங் நடத்திய ஆள் பிரிக்கக்கூட இல்லை. வயிற்றைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். கதவு பாதி திறந்தே இருந்தது, டோக்கன் கூப்பிடும் பெண் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தாள். அந்தச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் கேட்டது: "இன்னும் பின்னாடி போங்க... இந்தப் பிறவிக்கும் முன்னாடி... தண்ணி தெரியுதா? கிணறா?" அக்கா மெல்ல "ஆமா" என்றாள். தண்ணீர், கிணறு இரண்டையும் எடுத்துக் கொடுத்தது அவர்தான். கடைசியில், "அடுத்த சிட்டிங்ல தள்ளிவிட்டது யாருன்னு பாத்துடலாம்" என்று அனுப்பினார்.

ராத்திரி அக்கா தூங்கவில்லை. "தம்பி, போன பிறவியில என்னைக் கிணத்துல தள்ளிக் கொன்னுட்டாங்களாம்டா" என்று அழுதாள். கொல்லைப்புறக் கிணற்றடிக்கே போக மறுத்தாள். வயிற்றுவலிக்குப் போனவளுக்கு இல்லாத ஒரு பயத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஹிப்னாஸிஸில் கற்பனை கூர்மையாகும். சொல்வதை மனம் எளிதில் ஏற்கும். சிகிச்சைக்கு உதவுவதே இந்தத் தன்மைதான். அந்த நேரத்தில் எடுத்துக்கொடுக்கிற மாதிரி கேள்வி கேட்டால், நடக்காதது நடந்ததாகவே பதிந்துவிடும். அடுத்த சிட்டிங்கில் வீட்டு ஆள் யாருடைய முகமாவது வந்திருந்தால்?

மான்செஸ்டரில் எனக்கு முதல் சந்திப்பு முழுக்கப் பேச்சுதான். அப்புறம் கண்ணை மூடி, மூச்சைக் கவனித்து, உடம்பைத் தளர்த்தி, வயிற்றில் கையை வைத்து அந்த இளஞ்சூட்டை உணரச் சொன்னார்கள். தூக்கம் வராது. வெளியே கார் போகும் சத்தம்கூடக் கேட்கும். வேண்டாம் என்றால் கண்ணைத் திறந்துவிடலாம். நம் ரகசியத்தை யாரும் பிடுங்க முடியாது. குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓயாமல் செய்தி போய் வருகிறது. சாதாரண அசைவையே வலியாக உணரும் அந்த மிகையைக் குறைப்பதுதான் நோக்கம். பிரிட்டனிலும் யார் வேண்டுமானாலும் தன்னை ஹிப்னோதெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளலாம், சட்டத் தடை இல்லை. ஆஸ்பத்திரி வழியாகப் போனதால் நான் தப்பித்தேன்.

இங்கேயும் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அக்காவின் குடல் டாக்டரிடமே கேட்டோம். அவர் அனுப்பிய கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் அம்மா இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவர். பதிவு எண் போர்டிலேயே இருந்தது. ரிப்போர்ட்டை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எடை குறைகிறதா, மலத்தில் ரத்தம் போகிறதா, வலிப்பு உண்டா, இல்லாத குரல் கேட்டதுண்டா என்று கேட்டார். கிணற்றுக் கதையைக் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, "அது அவர் கேட்ட கேள்வியிலிருந்து வந்ததும்மா, உங்க நினைவு இல்லை" என்று நிதானமாக விளக்கினார். மான்செஸ்டரில் எனக்கே இத்தனை நேரம் ஒதுக்கியதில்லை.

அமைதியாக ஓடும் தண்ணீர் என்றால் எது நினைவுக்கு வரும் என்று அக்காவைக் கேட்டார். முக்கொம்பிலிருந்து வரும் வாய்க்கால் என்றாள் அக்கா. தண்ணீரை மனதில் நினைப்பது பரவாயில்லையா என்றும் கேட்டுக்கொண்டார், கிணற்றுப் பயம் இருந்ததால். அக்கா சரி என்ற பிறகே, குடல் அந்த வாய்க்கால்போல் அடைப்பில்லாமல் ஓடுவதாகச் சொல்லித் தன் குரலை அக்காவின் போனில் பதிந்து கொடுத்தார். தினமும் கேட்க வேண்டும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம், தெரியாமலும் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

வலி இன்னும் வருகிறது. ஆனால் அக்கா இப்போது இரவில் தூங்குகிறாள். சென்டரில் பணத்தைத் திருப்பிக் கேட்டோம், தரவில்லை. ரசீதும் கொடுத்திருக்கவில்லை.