2011 பிக்கப், கம்பம் – வண்டிப்பெரியாறு ஓட்டம்: 8.6-லிருந்து 11.1 மைலேஜ் வந்த இரண்டரை வருடக் கதை

என் வண்டி 2011 மாடல் மஹிந்திரா பொலேரோ பிக்கப். 2523 சிசி டீசல் என்ஜின், டீசலை என்ஜினுக்குள் தள்ளுவது பழைய மெக்கானிக்கல் பம்ப். தேனி மாவட்டம் கம்பத்தில் காய்கறியும் வாழைத்தாரும் ஏற்றி, கூடலூர், லோயர் கேம்ப் வழியாகக் குமுளி மலை ஏறி, கேரளாவில் இருக்கும் வண்டிப்பெரியாற்றில் இறக்கிவிட்டுக் காலி ட்ரேயுடன் திரும்புவேன். போய்வர 75 கிலோமீட்டர் சொச்சம். மாதத்தில் 24, 25 நாள் இதே ஓட்டம்தான்.

2022 தைப் பொங்கல் முடிந்து கணக்குப் பார்த்தபோது, வாடகையில் பாதிக்கு மேல் டீசலுக்கே போயிருந்தது. வண்டியை விற்றுவிட்டுப் புதிதாக எடுக்கலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. மாதத் தவணையை நினைத்தால் வயிற்றைக் கலக்கியது. சரி, இந்த வண்டியில் என்ன செய்ய முடியும் என்று பார்த்துவிடலாம் என்று ஒரு நோட்டுப் போட்டேன். அந்த நோட்டு இன்றுவரை டேஷ்போர்டில் இருக்கிறது. அதில் இருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளக்கும் முறை. இதைச் சரியாகச் செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வீண். கூடலூரில் ஒரே பங்க், ஒரே பம்ப், காலையில் மலை ஏறும் முன்பே. பங்க் நாசில் முதல் தடவை 'டக்' என்று நின்றதும் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. அடுத்த முறையும் அதே மாதிரி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுத்தேன். ஒரு டேங்கை நம்பவில்லை. பத்து டேங்க் சராசரி எடுத்தேன். ஆரம்பத்தில் வந்தது லிட்டருக்கு 8.6 கிலோமீட்டர்.

கேரளப் பக்கம் டீசல் போடுவதே இல்லை. அங்கே விலை எப்போதும் கூடுதல்தான். 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ்ஸும் சேர்ந்துகொண்டது. மலை ஏறும் முன்பே நிரப்பிக்கொள்வது இந்தப் பகுதியில் எல்லா டிரைவருக்கும் பழக்கம்.

இன்னொன்றையும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வண்டி, லோடு, ஆள் எல்லாம் சேர்த்து 2.8 டன். கம்பத்திலிருந்து குமுளி ஏறக்குறைய 500 மீட்டர் உயரம். அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டுமே, என்ஜின் டீசலில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்று வைத்துக்கொண்டால், சுமார் 1.1 லிட்டர் போய்விடும். மலையிடம் பேரம் பேச முடியாது. ஆனால் ஒரு நடைக்கு எனக்குச் செலவானது 8.7 லிட்டர். மீதி ஏழு லிட்டருக்கு மேல் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

ஆரம்பத்தில் நானும் கடையில் விற்கிறதை வாங்கிப் பார்த்தேன். டேங்கில் ஊற்றும் மருந்து மூன்று பாட்டில், டீசல் குழாயில் மாட்டும் காந்தம் ஒரு ஜோடி. நோட்டில் 8.6, 8.5, 8.7 என்றுதான் இருக்கிறது. அந்தக் காசுக்கு ஒரு வீல் சிலிண்டர் (பிரேக் ஷூவை டிரம்மில் அழுத்தும் பாகம்) வாங்கியிருக்கலாம்.

வீல் சிலிண்டர் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நாள் குமுளியில் டீ குடிக்க நிறுத்தியபோது, கூடலூர் மெக்கானிக் அண்ணன் வேறு வேலையாக அங்கே வந்திருந்தார். வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு வீல் பக்கமும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார். பின்பக்க இடது டிரம்மில் மட்டும் கையைச் சட்டென்று எடுத்துவிட்டார். "தம்பி, வண்டி ஓடல, இழுபடுது. பிரேக்க மிதிச்சுக்கிட்டே மலை ஏறுற மாதிரிதான்" என்றார்.

மறுநாள் பிரித்தோம். வீல் சிலிண்டர் துருப்பிடித்துப் பாதியில் நின்றிருந்தது, பிஸ்டன் உள்ளே திரும்பவே இல்லை. ஹேண்ட்பிரேக் கேபிளும் உறைக்குள் இறுகிப்போய், லீவரை விட்டாலும் ஷூ டிரம்மை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. குமுளிப் பக்கத்து மழையும் சேறும் 11 வருடம் உள்ளே போனால் இதுதான் நடக்கும். வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நான் கவனிக்காமல் விட்டது. இரண்டு பக்கமும் சிலிண்டர், கேபிள், ஷூ ஸ்பிரிங் மாற்றி, ஜாக்கி வைத்து வீலைக் கையால் சுழற்றினால் தானாக இரண்டு சுற்று வரும் அளவுக்கு அட்ஜஸ்ட் செய்தோம். அடுத்த பத்து டேங்க் சராசரி 9.5. இந்த இரண்டரை வருடத்தில் ஒரே வேலையில் கிடைத்த பெரிய லாபம் இதுதான். அதற்கு முன் என்ஜினைத் தவிர வேறு எதையும் நான் சந்தேகப்பட்டதே இல்லை.

அடுத்தது தெர்மோஸ்டாட், அதாவது என்ஜின் சூட்டைச் சரியான அளவில் வைக்கும் வால்வு. முன்பு ஒரு தடவை மலையில் என்ஜின் சூடானபோது ஒரு பட்டறையில் அந்த வால்வைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். "இது நம்ம ஊருக்குத் தேவையில்லை" என்று சொன்னதை நானும் நம்பிவிட்டேன். அதற்குப் பிறகு டெம்பரேச்சர் முள் கால்வாசிக்கு மேல் ஏறியதே இல்லை. நல்லதுதானே என்றுதான் நினைத்திருந்தேன். நல்லதில்லை. என்ஜின் அதற்கான சூட்டுக்கு வராவிட்டால் ஆயில் கெட்டியாகவே இருந்து உராய்வு கூடும், டீசல் முழுதாக எரியாது, பிஸ்டன் ஓடும் லைனரும் சீக்கிரம் தேயும். வண்டிப்பெரியாற்றில் அதிகாலைக் குளிரில், லோடு இறக்கித் திரும்பும்போதெல்லாம் என்ஜின் வெந்நீர்ச் சூட்டுக்குக்கூட வராமல்தான் ஓடியிருக்கிறது. புது வால்வு சில நூறு ரூபாய்தான். ஆனால் வண்டி முன்பு சூடானதற்கான உண்மைக் காரணத்தையும் சரிசெய்தாக வேண்டும். ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தால் பாதிக் குழாய் அடைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்து, வால்வையும் போட்டதும் முள் நடுவில் வந்து அசையாமல் நின்றது. 9.9.

அப்புறம் என்ஜினின் டீசல் பம்ப்பைச் சரிபார்க்கும் கடை. என்ஜினுக்குள் டீசலைத் தூவும் நாலு நாசிலையும் கழற்றி டெஸ்டரில் வைத்து அடித்துக் காட்டினார்கள். இரண்டு நாசில் பனி மாதிரித் தூவியது. மற்ற இரண்டில் நுனியில் சொட்டு நின்றது. அந்தச் சொட்டுதான் கரும்புகையாக வெளியே போகும் காசு. நாசில் மாற்றி, பிரஷர் செட் செய்து, டேப்பெட்டும் (வால்வு இடைவெளி) வைத்தபின் 10.4 வந்தது. லோயர் கேம்ப் தாண்டி ஏற்றத்தில் கண்ணாடியில் தெரியும் புகை பெருமளவு குறைந்தது. இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மலை ஓட்டம் என்று தெரிந்தால் பம்ப்பில் டீசலைக் கூட்டி வைக்கட்டுமா என்று கேட்பார்கள், இழுவை கூடும் என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். கம்பெனி அளவிலேயே சீல் வைத்துத் தரச் சொல்லுங்கள். இழுவை குறைந்திருந்தால் அதற்கு வேறு காரணம் இருக்கும்.

ஏர் ஃபில்டர் மாற்றியதில் பெரிய வித்தியாசம் இல்லை. நான் அதை முன்பே ஒழுங்காக மாற்றிக்கொண்டிருந்தது காரணமாக இருக்கலாம்.

டயரில் ஒரு சிக்கல் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. பின்பக்கம் தேய்ந்த நைலான் டயர்களை எடுத்துவிட்டு அதே அளவில் ரேடியல் போட்டேன். வண்டி லேசாக உருள்வது ஸ்டியரிங்கிலேயே தெரிந்தது, ஆனால் நோட்டில் மைலேஜ் ஏறவே இல்லை. இரண்டு வாரம் குழம்பினேன். பிறகுதான் புரிந்தது. தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு, அதனால் மீட்டர் ஓடாத தூரத்தையும் சேர்த்துக் காட்டிக்கொண்டிருந்தது. புது டயரில் அந்தப் பொய் நின்றுவிட்டது. போன் மேப்பில் அதே ரோட்டை அளந்து, பழைய கணக்கையும் திருத்திப் பார்த்தபோது ரேடியலால் லிட்டருக்கு 400 மீட்டர் கூடியிருந்தது. இங்கே நான் தந்திருக்கும் எண்கள் எல்லாம் அப்படித் திருத்தியவைதான். வாரம் ஒருமுறை, வண்டி ஓடும் முன்பே, ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்குக் காற்றுப் பிடிக்கிறேன். 10.8.

மீதி 300 மீட்டர் என் காலில் இருந்தது. குமுளியிலிருந்து இறங்கும்போது நானும் பல வருடம் நியூட்ரலில் விட்டவன்தான், டீசல் மிச்சம் என்ற நினைப்பில். உண்மை நேர்மாறு. கியரில் இருந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால், வீல்தான் என்ஜினைச் சுற்றும், டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் டீசலை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் என்ஜின் தன்னை ஓட்டிக்கொள்ள டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். அதைவிட முக்கியம் உயிர். நியூட்ரலில் மொத்த எடையையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும், டிரம் சூடேறினால் கடைசி வளைவில் மிதி உள்ளே போய்விடும். இப்போது மூன்றாவது கியரில்தான் இறங்குகிறேன், வளைவுக்கு இரண்டாவது. பிரேக் ஷூவும் முன்பைவிட அதிக நாள் வருகிறது. கம்பம் பக்கத்துச் சமவெளியில் 55-ஐத் தாண்டுவதில்லை. செக்போஸ்டில் வரிசை நின்றால் என்ஜினை அணைத்துவிடுகிறேன்.

ஒரு தடவை நான் ஏமாந்ததையும் எழுதிவிடுகிறேன். 2023 ஆவணியில் வேறு என்ஜின் ஆயிலுக்கு மாறினேன். புரட்டாசியில் மைலேஜ் அரைக் கிலோமீட்டர் கூடியது. எல்லோரிடமும் அந்த ஆயிலைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். மார்கழியில் நோட்டைப் புரட்டியபோதுதான் விஷயம் விளங்கியது. ஆனி, ஆடியில் கணவாய் வழியாக இறங்கும் காற்று கூடலூர் ரோட்டில் வண்டியையே தள்ளும். மேற்கே போகும்போது எதிர்க்காற்று, தார்ப்பாய் வேறு படபடக்கும். ஒவ்வொரு வருடமும் அந்த மாதங்களில் அரைக் கிலோமீட்டர் குறைந்து, காற்று அடங்கியதும் தானாக ஏறுகிறது. ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதே போல ஐயப்ப சீசனில் குமுளி ரோட்டில் நெரிசலால் குறையும். அதனால் இப்போது போன வருடம் அதே மாதத்தோடுதான் ஒப்பிடுகிறேன், ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்கிறேன். தார்ப்பாயைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவதும் அப்போது வந்த பழக்கம்தான், திரும்பும்போது மடித்து உள்ளே வைத்துவிடுவேன்.

2024 ஆனி வரை, காற்று மாதங்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் 11.1 நிற்கிறது. ஒரு நடைக்கு 8.7 லிட்டர் போன இடத்தில் 6.8. டீசல் 94, 95 ரூபாய் விற்றபோது மாதம் நாலாயிரத்துக்கு மேல் கையில் நின்றது. டயரைத் தவிர்த்து நான் செலவு செய்தது 11,000 ரூபாய்க்குள். மூன்று மாதத்திலேயே போட்ட பணம் திரும்பிவிட்டது.

இன்னும் கிளட்ச் பாக்கி இருக்கிறது. மேல் கியரில் ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் என்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. பிளேட் நழுவுகிறது. எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) முடிந்ததும் மாற்றப் போகிறேன்.

போன வாரம் என் மாப்பிள்ளையும் அவருடைய பழைய பிக்கப்பில் கட்டப்பனை லோடு எடுத்துக்கொண்டு என்னோடு மலை ஏறினார். "எனக்கு எட்டுகூட வரல மாமா, நாசில மாத்திரலாமா?" என்று கேட்டார். குமுளியில் நிறுத்தியதும் நான் இறங்கி நாலு வீலிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். முன்பக்கம் இரண்டும் ஒரே சூடு. பின்பக்க வலதில் கையை வைக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரிக்கிறோம்.