தாய்ப்பால் மாசுப் பரிசோதனை: ஆய்வக அளவை நம்பலாம், மதிப்பெண்ணை நம்ப வேண்டாம்

குழந்தைக்கு நாலு மாதம் ஆனபோது இந்தச் சேவையை எடுத்தேன். தாய்ப்பாலை அனுப்பினால் அதில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி, பிசிபி என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் போன்ற, எளிதில் சிதையாத நிலைத்த கரிம மாசுகள் எவ்வளவு என்று ஆய்வகத்தில் அளந்து, அந்த எண்களோடு நம் வயது, எத்தனையாவது பிரசவம், மீன் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதையெல்லாம் இயந்திரக் கற்றல் மாடலில் (பழைய தரவைப் பார்த்துக் கணிக்கக் கற்றுக்கொள்ளும் கணினி நிரல்) போட்டு, நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு மாசு மதிப்பெண் தருகிறார்கள்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். பாலெடுக்கக் கண்ணாடி பாட்டில்தான் வந்தது, கூடவே ஐஸ் பொதி. படிவத்தில் இதற்கு முன் எத்தனை மாதம் பால் கொடுத்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். சரியான கேள்வி. இந்த வேதிப்பொருட்கள் உடல் கொழுப்பில் பல வருடம் தங்கி, பாலோடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும், அதனால் பொதுவாக முதல் பிள்ளைக்குக் கொடுக்கும் பாலில்தான் அளவு கூடுதலாக இருக்கும். டிடிடி குறைவாகவும் டிடிஇ அதிகமாகவும் வந்ததற்கு, உடலுக்குள் டிடிடி சிதைந்துதான் டிடிஇ ஆகிறது என்ற விளக்கமும் அறிக்கையில் இருந்தது.

ஆனால் முதல் பக்கத்தில் பெரிய சிவப்பு எழுத்தில் 71 என்று போட்டிருந்தார்கள். அன்று ராத்திரி குழந்தைக்குப் பால் கொடுக்கவே கை நடுங்கியது. அப்புறம் நிதானமாக உள்பக்கங்களைப் படித்தேன். பாலின் கொழுப்பு 6 சதவீதம் என்று இருந்தது. குழந்தை குடித்து முடித்த பிறகு எடுத்த பால் அது, கடைசியில் வரும் பாலில் கொழுப்பு அதிகம்தானே. மறுபடி காசு கட்டி, இந்த முறை குழந்தை குடிப்பதற்கு முன்னால் எடுத்து அனுப்பினேன். கொழுப்பு 2.5 சதவீதம், மதிப்பெண் 38! அதே உடம்பு, இடையில் ஒரு வாரம்கூட இல்லை. ஆய்வகப் பக்கத்தில் ஒரு கிராம் கொழுப்புக்கு எவ்வளவு டிடிஇ என்ற எண் மட்டும் இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டு எழுதினேன், மாடல் ஒரு மில்லி பாலுக்கான அளவைத்தான் எடுத்துக்கொள்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். கொழுப்பில் கரையும் பொருளைக் கொழுப்பால் வகுக்காமல் மாடலுக்குக் கொடுத்தால் அது எதைக் கற்றுக்கொள்ளும், பால் எப்போது எடுத்தோம் என்பதைத்தானே?

இன்னொன்று, ஆய்வகம் 'கண்டறியப்படவில்லை' என்று விட்ட இடங்களில் மாடலே ஒரு மதிப்பை ஊகித்து நிரப்பி, அதையும் அளந்த எண் மாதிரியே பட்டை வரைபடத்தில் வரைந்திருக்கிறது. குறைந்தபட்சம் வேறு நிறமாவது கொடுத்திருக்கலாம்.

இந்த ஆய்வு முறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஸ்வீடனில் 1972 முதல் சேர்த்துவைத்த தாய்ப்பாலை அளந்துதான், டிடிடியும் பிசிபியும் குறைந்துவந்த அதே காலத்தில் தீத்தடுப்பு வேதிப்பொருளான பிபிடிஇ ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பானதைக் கண்டுபிடித்தார்கள். நிறையப் பேரின் பாலைச் சேர்த்துப் பார்த்தால் மாடலுக்கு அங்கே நிஜமாகவே வேலை இருக்கிறது. ஒரே ஒரு தாயைப் பயமுறுத்த அது எதற்கு? இந்த மாசுகளைப் பற்றியெல்லாம் தெரிந்துதான் உலக சுகாதார நிறுவனம் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்கிறது. அந்த வரி அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், அடியில், பொடி எழுத்தில் இருக்கிறது.

ஆய்வகத்துக்கு ஐந்துக்கு 4, மாடலுக்கு 1. எடுப்பதாக இருந்தால் ஒரு மார்பின் பாலை முழுதாகப் பீய்ச்சிக் கலக்கி, அதிலிருந்து பாட்டிலை நிரப்புங்கள். அறிக்கை வந்ததும் முதல் பக்கத்தைத் தள்ளிவிட்டு, 'ஒரு கிராம் கொழுப்புக்கு' என்ற அட்டவணைக்குப் போங்கள்.