எண்ணூர்க் கழிமுகத்துக்கு 8×42 பைனாகுலர் போதுமா?

தாராளமாகப் போதும். எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் பறவை பார்க்க இதைவிடப் பெரிசு வாங்குவது வீண் செலவு என்பேன். கடையில் ஒரு 20×50-ஐக் கையில் திணித்து, "நிலாவுல இருக்குற பள்ளமே தெரியும் சார்" என்றார்கள். நிலா எங்கே போகப்போகிறது? எனக்குச் சேற்றில் ஓடுகிற கொசு உள்ளான் என்கிற குட்டிப் பறவை தெரிய வேண்டும். இருபது மடங்கு என்றால் கை நடுக்கமும் இருபது மடங்கு. ஸ்டாண்டு இல்லாமல் எதுவும் நிலைக்காது. எட்டாயிரம் சொச்சத்துக்கு 8×42-ஐ வாங்கி வந்தேன். இந்த விலையில் எந்த கம்பெனியும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் பெயர் வேண்டாம்.

8 என்பது எத்தனை மடங்கு பெரிசாகக் காட்டும் என்பது; 42 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். அதை 8-ஆல் வகுத்தால் 5.25, கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அவ்வளவு. மங்கலான வெளிச்சத்தில் கைகொடுப்பது இதுதான். மணலியில் நைட் ஷிப்ட் முடித்து நேரே காட்டுக்குப்பம் கரைக்குப் போகிறவனுக்கு விடிகாலை வெளிச்சம்தானே வாய்க்கும்! வெயில் ஏறிவிட்டால் உப்பளத்தில் கானல் கிளம்பிவிடும். பெரிய பெருக்கம் அந்தக் கானலையும் சேர்த்துப் பெரிசாக்கிக் காட்டும்.

ஜனவரி, பிப்ரவரியில் தண்ணி வத்தியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். சின்னப் பறவைகளை முதலில் நடையை வைத்துப் பிரிக்கலாம். உப்புக்கொத்தி நாலு எட்டு ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். கொசு உள்ளானுக்கு நிற்கவே தெரியாது, குனிந்த தலை நிமிராமல் கொத்திக்கொண்டே போகும். உப்புக்கொத்திகளில் பின்கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை ஓடினால் கெண்டிஷ் ப்ளோவர், பட்டை இல்லாமல் பழுப்பாகவே இருந்தால் சாண்ட் ப்ளோவர். இதுவரைக்கும் 8 மடங்கு பிரமாதம்.

சாண்ட் ப்ளோவரில் பெரிய வகையா சிறிய வகையா என்று கேட்டால்தான் 8 மடங்கு திணறுகிறது. அலகின் நீளத்தை, அலகின் அடியிலிருந்து கண்ணின் பின்முனை வரை உள்ள தூரத்தோடு ஒப்பிட வேண்டும். பெரியதற்கு அலகு அதைவிட நீளம். பறவை கொஞ்சம் தள்ளிப்போனால் இதில் அது தெரியாது. ஆராய்ச்சியாளர்கள் அடையாளத்துக்குக் காலில் கட்டிய கொடியின் நிறம் தெரியும், அதிலிருக்கும் எழுத்து தெரியாது. அதற்கெல்லாம் ஸ்டாண்டில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப்தான் வேண்டும், விலையும் அதற்கேற்ற மாதிரி.

பவளக்காலியைக் காலை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். நம்ம ஊர்ச் சேறு அப்பினால் சிவப்பாவது ஒன்றாவது, முட்டி வரை கருப்புதான். கிளப்பிவிடாமல் காத்திருங்கள், தானாகக் கத்திக்கொண்டு எழும்பும். அப்போது இறக்கையின் பின்விளிம்பில் பளிச்சென்று வெள்ளை தெரியும். பச்சைக்காலிக்கு அந்த வெள்ளை இறக்கையில் கிடையாது, முதுகில் ஆப்பு மாதிரி ஏறியிருக்கும். பறக்கிற பறவையை விடாமல் பின்தொடர அகலமான பார்வைப் பரப்பு வேண்டும், அதில் 8 மடங்கு 10 மடங்கை ஜெயிக்கிறது.

என் கண்ணாடி கொஞ்சம் பவர் ஜாஸ்தி. கண்ணாடி போட்டவர்கள் ஐ ரிலீஃப், அதாவது முழுப் படமும் தெரியக் கண்ணுக்கும் பின் லென்ஸுக்கும் இடையே இருக்கலாம் என்கிற தூரம், 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் படத்தின் ஓரமெல்லாம் இருட்டிக்கொள்ளும். உள்ளே நைட்ரஜன் நிரப்பியது என்று போட்டிருக்க வேண்டும். நம்ம ஈரக்காற்றில் உள்ளே பனி படியாமல் இருக்க அது அவசியம். குறை என்றால் ஃபோகஸ் சக்கரம்: அந்தப் பக்கத்துச் சாம்பல் தூசி இடுக்கில் புகுந்து நறநறக்கிறது. லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்தால் கீறல் நிச்சயம்; முதலில் ப்ளோயரால் ஊதுங்கள். வீட்டில் பீரோவுக்குள் வைக்காமல் சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்ட டப்பாவில் மூடி வைக்கிறேன், இதுவரை பூஞ்சை எட்டிப் பார்க்கவில்லை.

துறைமுகம், அனல்மின் நிலையம் கேட் பக்கம் மட்டும் இதைத் தூக்காதீர்கள், செக்யூரிட்டிக்குப் பதில் சொல்லி மாளாது. படகு கட்டுகிற அண்ணன்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நின்றால், உள்ளான் கூட்டம் இன்றைக்கு எந்தத் திட்டில் இறங்கியிருக்கிறது என்று அவர்களே காட்டுவார்கள்.