பிக்கப் எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: பேசியது பெரிய இன்ஜின், கைக்கு வந்தது சின்ன இன்ஜின்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் காய்கறி லோடுக்கோ மாங்காய் லோடுக்கோ புதுசாகப் பிக்கப் எடுக்கிற யோசனையில் இருப்பவர்கள், கடன் தொகை ஷோரூம் கணக்குக்குப் போவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் பெரிய இன்ஜின் மாடலுக்குக் கொட்டேஷன் வாங்கி, அதையே ஓட்டிப் பார்த்து, அந்த விலைக்குக் கடனும் போட்டு, கடைசியில் கைக்கு வந்தது சின்ன இன்ஜின் வண்டி. புகார் நடந்துகொண்டிருப்பதால் ஷோரூம் பெயரும் கம்பெனி பெயரும் இங்கே எழுதவில்லை. வண்டி மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, அந்த இன்ஜினை எதற்காகச் செய்தார்களோ அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. ஏமாற்றியது விற்ற ஆட்கள்.

எங்களுக்கு என்ன வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால்தான் விஷயம் புரியும். நாங்கள் பாலக்கோட்டுப் பக்கம். தம்பிதான் வண்டி ஓட்டுகிறான். பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டிகளில் தக்காளி ஏற்றி ஓசூர், பெங்களூர் போவான், சில நாள் சேலம். சேலத்திலிருந்து திரும்பும்போது வெறும் வண்டியாக வந்தால் கட்டுப்படியாகாது, மாட்டுத் தீவன மூட்டை ஏற்றிக்கொண்டு வருவான். சீசனில் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்கு மாங்காய். இதில் சமதளம் என்று பார்த்தால் கொஞ்சம்தான். கிருஷ்ணகிரியை விட ஓசூர் 350 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது, மேலுமலை, சூளகிரி வழியாகப் போனால் மொத்தத்தில் ஏறிக்கொண்டே போகிற ரோடு. அந்தப் பக்கம் சேலத்திலிருந்து வந்தால் தொப்பூர் கணவாய், அதைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இதையெல்லாம் ஷோரூமில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னோம். சொன்ன பிறகுதான் அந்த விற்பனை ஆளே "அப்படின்னா உங்களுக்குப் பெரிய இன்ஜின்தாண்ணா சரி, சின்னது டவுன் வேலைக்கு" என்றார். அது வரைக்கும் நேர்மையாகத்தான் பேசினார் என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது பெரிய இன்ஜின் வண்டி. வெறும் வண்டி, பைபாஸ் சமதளம். சும்மா பறந்தது. லோடு வைத்து மேட்டில் ஓட்டிப் பார்க்கணும் என்று தம்பி கேட்டான், டெமோ வண்டியில் லோடு ஏற்ற அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கொட்டேஷன் வாங்கினோம், அட்வான்ஸ் கட்டினோம், ஃபைனான்ஸில் கடன் பாஸ் ஆனது.

அப்புறம் மாதக் கடைசியில் போன் வந்தது. பெரிய இன்ஜின் ஸ்டாக் இல்லை, வர நாளாகும், சின்னது ரெடியாக நிற்கிறது என்று. "இன்ஜின் மட்டும்தாண்ணா வேற, மத்ததெல்லாம் ஒண்ணுதான். பின்னாடி ஸ்பிரிங்ல ஒரு பட்டை சேர்த்துப் போட்டுட்டா அதே லோடு ஏத்தலாம், மைலேஜும் மேல கிடைக்கும்" என்றார். வேண்டாம், எத்தனை நாளானாலும் காத்திருக்கிறோம் என்று தெளிவாகச் சொன்னோம். ரெண்டே நாளில் மறுபடி போன், வேறு கிளையிலிருந்து நீங்கள் கேட்ட வண்டியே வந்துவிட்டது, நாளை நல்ல நேரம், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று. போனோம். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, ராகுகாலம் வருகிறது என்று அவசரப்படுத்தி, பென்சிலில் டிக் அடித்த இடங்களில் எல்லாம் கையெழுத்து வாங்கினார்கள். அந்தப் படிவங்கள் எதுவும் நிரப்பப்படவில்லை. முகப்பு, கேபின், டயர், நிறம், எல்லாம் நாங்கள் ஓட்டிப் பார்த்த வண்டி மாதிரியே. மாடல் பெயர் ஸ்டிக்கர் மட்டும் இல்லை, பதிவு முடிந்து ஒட்டித் தருகிறோம் என்றார்கள். இந்த இரண்டு மாடலையும் வெளியிலிருந்து பார்த்து அடையாளம் சொல்ல அதையே தினமும் ஓட்டுகிற ஆளால்தான் முடியும்.

பதிவு முடிந்து லோடுக்குப் போன முதல் வாரத்திலேயே தம்பி, "அன்னைக்கு ஓட்டின வண்டி மாதிரி இல்லையே" என்று சொல்ல ஆரம்பித்தான். புது இன்ஜின், கொஞ்சம் ஓடினால் சரியாகும் என்று சர்வீஸில் சொன்னார்கள். பெரிய மாடலுக்கு அவர்கள் சொன்ன லோடு ஒன்றே கால் டன். தக்காளிப் பெட்டி காய் 25 கிலோ, பெட்டி எடையும் சேர்த்தால் 27 என்று வைத்துக்கொண்டால் 46 பெட்டி. அந்தக் கணக்கில்தான் ஏற்றினான். ஓசூர் ரோட்டு மேட்டில் மூன்றாவது கியரில் நிற்கவில்லை, இரண்டாவதுக்கு வந்தால் இன்ஜின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை.

தொப்பூரில் நடந்ததை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அன்றைக்கு நானும் கூட இருந்தேன். பின்னால் தீவன மூட்டை, மேலே தார்பாய். கணவாய் ஏற்றம் ஆரம்பித்த கொஞ்ச தூரத்திலேயே இரண்டாவது கியர், ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தும் முக்கிக்கொண்டு போகிறது, டெம்பரேச்சர் முள் நடுவை விட்டு மேலே நகர்கிறது. பின்னால் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போகின்றன. முன்னால் ஒரு லாரி பழுதாகி நின்றதால் நாங்களும் நிற்க வேண்டியதாயிற்று. மறுபடி எடுக்கும்போதுதான் உயிரே போனது. ஃபர்ஸ்ட் கியரில் கிளட்சை விட்டால் இன்ஜின் அணைகிறது, ரேஸ் கொடுத்துப் பாதிக் கிளட்சில் பிடித்தால் கருகுகிற வாடை கேபினுக்குள் நிறைகிறது, வண்டி ஓரடி பின்னுக்கு உருள்கிறது. நான் இறங்கி ஓடிப்போய்ப் பின் டயருக்குக் கல் வைத்தேன். வைத்த கல்லில் டயர் ஏறி நின்றது, அதே நேரம் பக்கத்தில் ஒரு டேங்கர் உரசுகிற மாதிரி போனது. கல் பிடித்த தைரியத்தில் தம்பி மூன்றாவது தடவை எடுத்தான், ஏறியது.

சர்வீஸ் சென்டரில் காட்டினால், "ஓட்டுற பழக்கம் சரியில்லை, கிளட்ச் பிளேட்டுக்கு வாரண்டி வராது" என்றார்கள். தேய்மான உதிரி என்பதால் பொதுவாக வாரண்டி வராது என்பது உண்மைதான். ஆனால் கிளட்ச் ஏன் கருகியது என்று அவர்களில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தர்மபுரியில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர்தான் சீட்டைத் தூக்கி இன்ஜினைப் பார்த்த உடனே, "ஏம்ப்பா, பெரிய இன்ஜின்னு சொன்னே? இது சின்னதாச்சே" என்றார். தம்பி முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அதற்கு மறுவாரம்தான் ஆர்சி கைக்கு வந்தது. அதில் சிசி, அதாவது இன்ஜின் கொள்ளளவு, சின்ன இன்ஜினுடையது. மொத்த எடையிலிருந்து வெறும் வண்டி எடையைக் கழித்தால் சுமார் ஒரு டன். அதாவது சட்டப்படி 37 பெட்டிதான். நடைக்கு 9 பெட்டி வாடகை இல்லை, ஆனால் மாதத் தவணை மட்டும் பெரிய வண்டிக்கு.

தவணை எப்படிப் பெரிய வண்டிக்கு வந்தது என்பதுதான் இதில் பெரிய அயோக்கியத்தனம். ஃபைனான்ஸுக்குப் போன கொட்டேஷன் பெரிய மாடல். ஷோரூம் போட்ட இன்வாய்ஸ் சின்ன மாடல். நடுவில் இருக்கிற விலை வித்தியாசத்தை, பாடி வேலை, அக்சஸரீஸ், கையாளும் கட்டணம், இன்சூரன்ஸ் என்று பிரித்துப் போட்டு மொத்தத்தைச் சரிக்கட்டியிருக்கிறார்கள். நாங்கள் கேட்காத பாடி வேலை, வண்டியில் இல்லாத பாடி வேலை. இன்வாய்ஸ் நகல் கேட்டு நடையாய் நடந்த பிறகுதான் கொடுத்தார்கள், கொடுக்கும்போதே அந்த ஆள் என் கண்ணைப் பார்க்கவில்லை.

மேனேஜரிடம் போனால் அவரும் அதே பட்டைக் கதையைச் சொன்னார். தயவுசெய்து இதை நம்பாதீர்கள். ஸ்பிரிங்கில் பட்டை சேர்த்தால் பின்பக்கம் படுக்காது, அவ்வளவுதான். ஆர்சியில் இருக்கிற மொத்த எடை ஒரு கிலோ கூட ஏறாது, இன்ஜின் இழுவையும் ஏறாது, பிரேக்கும் அதே பிரேக். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கூடுதல் டன்னுக்கு 2,000, அதிகச் சுமையை இறக்குகிற செலவும் நம் தலையில். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரரும் இதை வைத்துத் தகராறு செய்வார். பட்டை போடச் சொன்ன ஆள் அன்றைக்கு வந்து நிற்க மாட்டார்.

இன்ஜின் விஷயத்திலும் ஒன்று சொல்லணும். சிசியை மட்டும் பார்த்து முடிவு பண்ண வேண்டாம், குதிரைத் திறனை மட்டும் பார்த்தும் வேண்டாம். மஹிந்திரா பொலேரோ பிக்கப் 2523 சிசி, நம்ம ஓசூரில் தயாராகிற அசோக் லேலண்ட் தோஸ்த் 1478 சிசி, சிசியில் அவ்வளவு வித்தியாசம் இருந்தும் குதிரைத் திறன் இரண்டுக்கும் 70, 75 என்று பக்கத்தில்தான் வரும். மேட்டில் லோடோடு நின்று எடுக்கிற வண்டிக்கு இழுவை, அதாவது டார்க், எவ்வளவு, அது எத்தனை ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது, கிடைக்கிறது என்று பார்க்கணும். குறைந்த ஆர்பிஎம்மிலேயே நல்ல இழுவை கிடைக்கிற இன்ஜின் கிளட்சைச் சாகடிக்காமல் நகரும். மைலேஜும் அப்படித்தான். சின்ன இன்ஜின் அரை லோடில் சமதளத்தில் உண்மையிலேயே டீசல் மிச்சம் பிடிக்கும், அதே இன்ஜினை முழு லோடில் நாள் முழுக்க இரண்டாவது கியரில் கதறவிட்டால் அந்த மிச்சமெல்லாம் தொப்பூரிலேயே கரைந்துவிடும்.

அதற்காகச் சின்ன இன்ஜின் எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஊருக்குள் தண்ணீர் கேன், பால் கேன், மளிகைக் கடை சரக்கு என்று ஓட்டுகிறவர் பெரிய இன்ஜினுக்குக் கூடுதலாகப் பணம் கட்டுவது வீண். 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது 16 குதிரைத் திறன்தான், அதை வைத்து எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வேலைக்கு எது தேவை என்று நாம் முடிவு செய்து கேட்ட பிறகு, மாதக் கடைசி டார்கெட்டுக்காக ஸ்டாக்கில் நிற்கிறதைத் தலையில் கட்டுவதைத்தான் திருட்டு என்கிறேன்.

இனி எடுக்கப் போகிறவர்கள் ஃபாரம் 21 என்ற பெயரை மட்டும் மறக்காதீர்கள். அதுதான் விற்பனைச் சான்று. சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், சிலிண்டர் எத்தனை, சிசி அல்லது குதிரைத் திறன், தயாரித்த மாதம் வருடம், வெறும் வண்டி எடை, எல்லாம் அந்த ஒரே தாளில் இருக்கும். டீலர் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளைப் பார்க்காமல் டெலிவரி எடுக்காதீர்கள், தயாரித்த மாதத்தையும் பாருங்கள், பழைய ஸ்டாக்கும் அதில்தான் மாட்டும். பதிவுக்குப் போகிற ஃபாரம் 20-ல் வெறுமையாகக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள், முழுக்க நிரப்பிக் கொண்டு வா என்று சொல்லுங்கள், நல்ல நேரம் போனால் போகட்டும். ஃபைனான்ஸ்காரரிடம் நேராகப் போய், ஷோரூமுக்கு அவர் கொடுக்கிற டெலிவரி ஆர்டரில் எந்த மாடல் பெயர் இருக்கிறதோ, இன்வாய்ஸிலும் அதுவே இருந்தால்தான் பணம் விட வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுத்தாக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. சரக்கு வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, அதையும் பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் இப்போது நிலவரம் இதுதான். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம், வக்கீல் நோட்டீஸ் போனது. டெலிவரி நோட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், அதோடு வியாபாரத்துக்கு வாங்கிய வண்டி என்பதால் நீங்கள் நுகர்வோரே இல்லை என்று ஷோரூமிலிருந்து பதில் வந்திருக்கிறது. இந்தப் பதிலைப் பார்த்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட வேண்டாம். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழிலாக வாங்கிப் பயன்படுத்துகிறவர் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. அதைக் காட்டி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுகிறோம், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போடணும். தம்பியே ஓட்டுகிறான் என்பதற்கு லைசென்ஸ், மண்டிச் சீட்டு, சுங்கச்சாவடி ரசீது எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறோம். கொட்டேஷன் பேப்பரும், விற்பனை ஆள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும் பத்திரமாக இருக்கின்றன, அவர் அனுப்பிய குரல் பதிவில் பெரிய இன்ஜின் என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார்.

இதே மாதிரி மாடல் மாற்றிக் கொடுத்து ஏமாந்தவர்கள் நம் இரண்டு மாவட்டத்திலும் இருந்தால் தகவல் சொல்லுங்கள், ஆணையத்தில் சேர்ந்து போவது நல்லது என்று வக்கீல் சொல்கிறார். எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள் பாலக்கோடு பக்கம் இருந்தால் வாருங்கள், சின்ன இன்ஜின் ஒரு டன் வைத்துத் தொப்பூர் ஏறினால் எப்படி இருக்கும் என்று தம்பி பக்கத்து சீட்டில் உட்கார வைத்தே காட்டுவான்.