போர்டு இல்லாத போர்டு கடை, பழைய வண்ணாரப்பேட்டை

எம்.சி. ரோடு துணிக்கடை கூட்டத்த தாண்டி உள்ள ஒரு சந்துல இருக்கு இந்த கடை, வாசல்ல பேர் போர்டு கிடையாது, ரம்பம் ஓடுற சத்தத்த வெச்சுதான் கண்டுபுடிக்கணும். போயி "அண்ணே ஒரு போர்டு வேணும்"னேன், இழைச்சிட்டு இருந்தவரு தலைய தூக்காமயே "எந்த போர்டுப்பா"ன்னாரு. அப்பதான் சுத்தி பாத்தேன். கேரம் போர்டு செவுத்துல சாஞ்சி நிக்குது, டியூஷன் சென்டருக்கு பிளாக் போர்டு பெயிண்ட் காயுது, டிபன் கடைக்கு பேர் போர்டு ஃப்ரேம் ஒண்ணு, பழைய வீட்டுக்கு மாட்டுற மர ஸ்விட்ச் போர்டு ரெண்டு. எல்லாம் ஒரே ஆளு கையால செய்யிறது.

நம்ம பக்கம் இந்த ஒரு வார்த்தை இல்லாம பேச்சே ஓடாதுங்க. பக்கத்து வீட்டு அண்ணன் போர்டுல இருக்காருன்னா ஈபி வேலை, ஹவுசிங் போர்டுல இருக்காருன்னா அது வீடு. 1970ல ஆரம்பிச்ச குடிசை மாற்று வாரியத்துக்கு 2021ல நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேர மாத்தியும் ஜனங்க வாயில இன்னும் ஹவுசிங் போர்டுதான். ஃபுட்போர்டுல தொங்கிட்டு போற பையனுக்கு மார்ச்ல போர்டு எக்ஸாம்.

இங்கிலீஷ்ல மொதல்ல இதுக்கு அர்த்தம் வெறும் பலகைதான். அதையே சாப்பாட்டு மேசைக்கும் சொல்லி, அப்புறம் மேசைல போடுற சாப்பாட்டுக்கும் சொன்னாங்க, போர்டிங் அண்ட் லாட்ஜிங்ல வர்ற போர்டிங் அதுதான். மேசைய சுத்தி உக்காந்து முடிவெடுக்குற ஆளுங்களும் போர்டு ஆனாங்க, ஈபி போர்டு வந்த வழி இது. கப்பலோட பக்கத்துக்கும் அதே பேரு, ஹார்பர்ல வேல பாத்த எங்க தாத்தா கப்பல் மேல ஏறுறத "ஆன் போர்டு போறேன்"னுதான் சொல்லுவாரு. நம்ம பலகை மட்டும் என்ன, புலவருங்க உக்காந்த சங்கப் பலகைலேர்ந்து அறிவிப்புப் பலகை வரைக்கும் வந்துருக்கே.

ஆனா எங்க தெருவுல வெறும் போர்டுன்னா கேரம்தான். ஆட்டத்துலயும் ஒரு ரவுண்டுக்கு போர்டுன்னுதான் பேரு, 25 பாயிண்ட் இல்லன்னா 8 போர்டு, அதோட ஒரு கேம் முடிஞ்சுது. 2024ல அமெரிக்கால நடந்த உலகக் கோப்பைல 3 தங்கம் ஜெயிச்ச காசிமா நம்ம புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர் பொண்ணு, அதுக்கப்புறம் என் பொண்ணு என்னை விடவே இல்ல.

போன வருஷம் ஆன்லைன்ல ஒண்ணு வாங்கி ஏமாந்தேன். ஐப்பசி மழைல நடுவுல உப்பிடுச்சு, காய் தானா ஓரத்துக்கு உருளுது, திருப்பி எடுக்கவும் மாட்டேன்னுட்டாங்க. இந்த அண்ணன் எடுத்ததும் விலைய சொல்லல. பிளைவுட் ஓரத்த காட்டி "8 எம்எம்முக்கு கொறஞ்சா தொடாத, உனக்கு 12 போடுறேன்"னாரு, விரல் முட்டியால நாலு எடத்துல தட்டி காமிச்சாரு, எல்லா எடத்துலயும் ஒரே சத்தம். அப்புறம் பவுடர லேசா தூவி ஸ்ட்ரைக்கர என் கையில குடுத்து அடிக்க சொன்னாரு. 15 கிராம் ஸ்ட்ரைக்கர முழு பலத்துல அடிச்சா போர்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா கொறஞ்சது மூணரை தடவ ஓடணும்னு கேரம் விதி, இதுல நாலு தாண்டி நின்னுச்சு. விக்கிறவரே இத செஞ்சு காட்டி நான் பாத்ததில்ல, மனசு நெறைஞ்சு போச்சு.

ஸ்டாண்டு இல்லாம 4,800 வாங்குனாரு, அந்த வேலைக்கு நியாயம். கொறைன்னா சனிக்கெழம தர்றேன்னு சொல்லி புதன்கெழமதான் குடுத்தாரு, ஒரு பாக்கெட் வலை ரெண்டே நாள்ல பிஞ்சுது. எடுத்துட்டு போனேன், ஒரு வார்த்த பேசாம நாலு மூலையும் புதுசா போட்டு குடுத்தாரு, காசு வாங்கல.

இப்ப சாயங்காலம் ஆனா வாசல்ல பொண்ணுங்க நாலு பேரு ரெட்ட போட்டுட்டு ஃபாலோ, அதாவது அடுத்த காய போடலன்னு சண்ட போட்டுட்டு இருக்காங்க.

போறவங்க காலைல 11 மணிக்கு மேல போங்க, ஆர்டர் குடுத்தா நாலு நாள் சேத்தே கணக்கு வெச்சுக்கோங்க. மறக்காம எந்த போர்டுன்னு சொல்லிடுங்க.