சுவாமிமலை பட்டறையில் ஒரு அன்ன விளக்கு

அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அன்ன விளக்கு சொல்ல நான், அக்கா, சித்தப்பா மூவரும் சுவாமிமலையில் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனோம். முதல் அரை மணி நேரம் சித்தப்பா மட்டும்தான் பேசினார், மயில்தான் வேண்டும் என்று அவர் ஆரம்பித்ததும் நாங்களும் மயிலிலேயே மாட்டிக்கொண்டோம். பட்டறைப் பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆளுக்கொரு மூலையில உட்கார்ந்து மனசுல இருக்கறத வரைஞ்சுட்டு வாங்கம்மா, அப்புறம் பேசலாம்" என்று காகிதம் கொடுத்தார். அக்கா வரைந்தது கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் அன்னம்.

1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையும் இதைத்தான் காட்டியது: நான்கு பேர் கூடி யோசித்ததைவிட, நான்கு பேர் தனித்தனியே யோசித்ததைச் சேர்த்தபோது யோசனைகள் அதிகம். ஆனால் அன்னத்தைச் சீராக்கியது கூட்டுப் பேச்சுதான். முதலில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி அச்செடுத்து, மெழுகை உருக்கி வெளியேற்றிய இடத்தில்தான் உலோகத்தை ஊற்றுகிறார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்த பட்டறைத் தம்பி, வளைவு இவ்வளவு மெல்லிசாக இருந்தால் உலோகம் ஓடாது என்றான். பெரியவர் மறுக்கவில்லை, தென்னை ஓலையை மடித்து அளந்து பார்த்து, அங்கேயே கொஞ்சம் மெழுகு ஏற்றச் சொன்னார். கடைசிப் பையன் பேச்சுக்கும் அங்கே அவ்வளவு மதிப்பு!

சொன்ன தேதிக்குப் பத்து நாள் தாமதம், மழையில் மண் அச்சு காயவில்லையாம். சரி, கழுத்து வளைவைப் பார்த்ததும் அக்கா அழுதேவிட்டாள். அவசரமில்லாதவர்கள் தாராளமாகப் போகலாம், வீட்டு ஆட்களோடு போங்கள்.