கேம் கடையில் வாங்கிய தூரிகை: கிரிட்டாவோடு நாலு வருஷம்

ஸ்டீம் என்பது கணினி கேம் விற்கும் இணையக் கடை. அதில் என் கணக்கில், படம் வரையும் மென்பொருளான கிரிட்டாவுக்கு நேராக, பயன்படுத்திய நேரம் 2,871 மணி என்று காட்டுகிறது. அடுத்த இடத்தில் ஒரு கார் ரேஸ் கேம், 14 மணி நேரம். கணக்கைப் பார்ப்பவருக்கு நான் 'கிரிட்டா' என்ற ஏதோ ஒரு கேமுக்கு அடிமையானவன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அக்கா மகன் ப்ளஸ் டூ படிக்கும்போது ஒரு நாள் காலையில் மெசேஜ் அனுப்பினான்: "மாமா, நைட்டு மூணு மணி வரைக்கும் அப்படி என்ன கேம் ஆடுனீங்க? பேரு பச்சையா எரிஞ்சுட்டே இருந்துச்சு." மதியத்துக்குள் விஷயம் அக்கா வழியாக என் மனைவி காதுக்குப் போய்விட்டது. நான் அன்று ராத்திரி செய்தது குழந்தைகள் டீஷர்ட்டுக்கு ஆறு கலர் டைனோசர். ஸ்டீமுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எது திறந்திருந்தாலும் அதன் கணக்கில் நான் ஆட்டத்தில் இருக்கிறேன், நண்பர்கள் பட்டியலில் என் பெயர் பச்சையாகிவிடும்.

திருப்பூரில் பிரிண்டிங் யூனிட்களுக்கு டிசைன் போட்டுக் கொடுப்பது என் தொழில். 2021 ஜூனில் ஸ்டீமில் கிரிட்டாவைக் காசு கொடுத்து வாங்கினேன். அதன் சொந்தத் தளத்திலேயே அது இலவசம். ஜிபிஎல் என்ற பொது உரிமத்தில் வரும் திறந்த மூல மென்பொருள், யாரும் இறக்கிக்கொள்ளலாம். "ஓசியில கிடைக்கிறதுக்கு ஏன்டா காசு கொடுத்தே?" என்று கேட்காத நண்பன் இல்லை. கொடுத்ததற்கு இரண்டு காரணம். கடையில் வரும் பணம் அதை உருவாக்குகிறவர்களின் சம்பளத்துக்கு உதவுகிறது என்று அவர்களே சொல்கிறார்கள். இரண்டாவது, தளத்திலிருந்து இறக்கினால் விண்டோஸில் அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. புதுப் பதிப்பு வந்தால் நாமே போய் இறக்கி நிறுவ வேண்டும். ஸ்டீம் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

முதல் காரணத்தைப் பற்றி இப்போது கொஞ்சம் மனசு மாறியிருக்கிறது. விற்கும் விலையில் ஸ்டீம் வழக்கமாக எடுப்பது 30 சதவீதம். விற்பனை ஒரு கோடி டாலரைத் தாண்டினால் 25, ஐந்து கோடியைத் தாண்டினால் 20 என்று 2018-ல் சலுகை கொடுத்தார்கள். அந்தச் சலுகை பெரிய கேம் கம்பெனிகளுக்கு உதவும், தூரிகை விற்கிறவர்களை எட்டுவது கஷ்டம். நூறு ரூபாய் கொடுத்தால் முப்பது கடைக்காரருக்கு. அதை உருவாக்குகிறவர்களுக்கு உதவத்தான் கொடுக்கிறேன் என்றால் நேராக நன்கொடை கொடுப்பதே சரி. ஆனால் யோசித்துப் பார்த்தால், நன்கொடைப் பக்கத்தைத் தேடிப் போய் எத்தனை பேர் கொடுப்பார்கள்? கடையில் விலை ஒட்டியிருந்தால் கை தானாகப் பைக்குள் போகிறது. யுபிஐயில் பத்து விநாடி வேலை. நானும் அப்படித்தான் வாங்கினேன்.

நான் எதிர்பார்க்காத ஒரு லாபம் அந்த மணிக்கணக்கு. 2022-ல் பள்ளி திறக்கும் சீசனுக்கு ஒரு டைனோசர் டிசைன் 1,200 ரூபாய்க்குப் பேசி முடித்தேன். தொடங்கும்போது 611 மணி நேரம் என்றிருந்தது. ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் கேட்ட திருத்தமெல்லாம் முடித்து, பிரிண்டிங்குக்காக ஒவ்வொரு கலரையும் தனித்தனியாக செபரேஷன் பிரித்து பிலிமுக்கு அனுப்பும்போது 628. பதினேழு மணி நேரம், அதாவது இரண்டு ஷிப்ட். பக்கத்து யூனிட்டில் பவர் டேபிள் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தால் ஏறக்குறைய அதே காசு கிடைத்திருக்கும், முதுகுவலியும் இதே அளவுதான். அன்றைக்குத்தான் என் கூலியை முதல் முறையாகக் கணக்குப் போட்டேன். சாப்பிடப் போகும்போது மூடாமல் போனால் அதையும் சேர்த்துக்கொள்ளும் மீட்டர் இது. அதனால் கால் பங்கு கழித்துவிடுவேன். கழித்த பிறகும் என் ரேட் இப்போது இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது. 'வேலை எவ்வளவு நேரம் ஆகும்' என்று கேட்கும், துணி வாங்குகிற பையருக்கு நான் இன்று சொல்லும் பதில் ஊகம் இல்லை.

வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்கு இதெல்லாம் சரி. அலுவலகத்தில் கதை வேறு. இடையில் ஒரு வருஷம் ஒரு நிறுவனத்தின் டிசைன் பிரிவில் சம்பளத்துக்கு இருந்தேன். அங்கே நெட்வொர்க்கில் 'கேமிங்' என்ற வகையையே மொத்தமாகத் தடுத்து வைத்திருந்தார்கள். ஸ்டீமைத் திறந்துவிடும்படி ஐடி தம்பியிடம் சொன்னால், "சார், அது கேம் சைட்டுங்க. நான் ஓப்பன் பண்ணிவிட்டா என் வேலை போயிரும்" என்றார். அவர் மேல் தப்பில்லை. கிரிட்டாவை வீட்டில் தளத்திலிருந்து இறக்கி, பென் டிரைவில் கொண்டுபோய் நிறுவினேன். ஐந்தே நிமிஷம். அதே கடையில் நான் வாங்கியிருந்த இன்னொரு சின்னக் கருவி, கடையின் செயலியில் உள்நுழைந்தால்தான் திறக்கும். அதற்கு நான் கொடுத்த காசு அந்த ஒரு வருஷமும் வீட்டில் தூங்கியது.

பில் கதை இன்னும் வேடிக்கை. ஸ்டீமில் வாங்கிய ஒரு டூலுக்கான பில்லைக் கணக்குப் பிரிவில் கொடுத்தேன். அங்கே இருந்த அக்கா கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்துப் பார்த்து, "தம்பி, கேம் வாங்கினதெல்லாம் கம்பெனி கணக்குல வராது" என்று திருப்பிக் கொடுத்தார். இது ஓவியம் வரைகிற சாஃப்ட்வேர் என்று விளக்கினேன். "அப்ப ஏன் கேம் கடையில வாங்கினீங்க?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உண்மையில் அதற்கு வரலாறு இருக்கிறது. 2003-ல் தொடங்கிய ஸ்டீம், 2012 அக்டோபரில்தான் கேம் அல்லாத மென்பொருளை விற்க ஆரம்பித்தது. கேம் உருவாக்குகிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள், அவர்களுக்கான கருவியும் அங்கேயே இருக்கட்டும் என்ற கணக்கு நியாயமானதே. முப்பரிமாண உருவம் செய்யும் பிளெண்டரும், கேம் உருவாக்கும் கோடோவும் அங்கே இலவசமாகவே கிடைக்கின்றன. பிளெண்டரில் எனக்குப் பிடித்தது, ஸ்டீமின் பண்புகள் பக்கத்தில், நீண்ட நாள் திருத்தம் மட்டும் வரும் பழைய 'நீண்ட ஆதரவு'ப் பதிப்புகளைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நிற்கலாம் என்பது. பாதி வேலையில் பதிப்பு மாறும் பயம் இல்லை. ஒரு சின்ன எச்சரிக்கை: பிளெண்டரில் எஃப்12 என்றால் ரெண்டர், அதாவது முடிந்த படத்தை உருவாக்குவது; ஸ்டீமில் எஃப்12 என்றால் ஸ்கிரீன்ஷாட். முதல் நாளே ஓவர்லேயை, அதாவது திறந்திருக்கும் மென்பொருளின் மேல் ஸ்டீம் வந்து நிற்கும் வசதியை, அணைத்துவிடுங்கள்.

கேம் கடை ஓவியருக்கு நிஜமாகவே உதவிய இடம் என்று நான் நினைப்பது சப்ஸ்டன்ஸ் பெயின்டர், முப்பரிமாண உருவங்களுக்கு நிறமும் மேற்பரப்பும் பூசும் கருவி. 2019-ல் அதை உருவாக்கிய நிறுவனத்தை அடோபி வாங்கியது. அவர்கள் பக்கம் போனால் மாதாமாதம் சந்தா. ஆனால் ஸ்டீமில் வருஷப் பதிப்பாக, ஒரே முறை காசு கொடுத்து வாங்கலாம். அடுத்த வருஷப் பதிப்பு வேண்டுமென்றால் தனியாக வாங்க வேண்டும், வேண்டாமென்றால் வாங்கியதை வைத்துக்கொண்டே வேலை பார்க்கலாம். பெங்களூரில் கேம் ஸ்டுடியோவில் இருக்கும் சித்தப்பா மகன் அப்படித்தான் ஒரே பதிப்பில் மூன்று வருஷம் ஓட்டினான். ஆர்டர் வராத மாதத்திலும் சந்தா கட்டியவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும்.

விற்கும் முறையில் எனக்கு மிகவும் பிடித்தது ஏஸ்பிரைட். சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகளால் ஆன பிக்சல் ஓவியம் வரையும் கருவி. அவர்கள் தளத்திலேயே நேராக வாங்கினால் நிறுவும் கோப்பும் கிடைக்கும், கூடவே அதை ஸ்டீம் கணக்கிலும் சேர்த்துக்கொள்ள உதவும் ஸ்டீம் சாவி எண்ணும் தருவார்கள். ஆபீஸில் கோப்பு, வீட்டில் ஸ்டீம்.

கடையில் மட்டுமே கிடைக்கிற கருவியை இப்போதெல்லாம் நான் தொழிலுக்கு வாங்குவதில்லை. 2024 முதல் நாள் விண்டோஸ் 7, 8.1 கணினிகளுக்கு ஸ்டீம் ஆதரவை நிறுத்தியது. மென்பொருள் அந்தப் பழைய கணினியில் ஓடினாலும் கடை அங்கே ஓடாது. அதே வருஷம், வாங்குவது பொருளை அல்ல, உரிமத்தைத்தான் என்று பணம் கட்டும் பக்கத்திலேயே எழுதியும் போட்டார்கள். புதிதாக எதை வாங்கினாலும் முதலில் நான் செய்யும் சோதனை: ஸ்டீமை முழுக்க மூடு, இணையத்தைத் துண்டி, கோப்புறைக்குள் போய் நேரடியாக அந்த மென்பொருளைத் திற. கிரிட்டா திறக்கும். பிளெண்டர் திறக்கும். திறக்காததை அன்றே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

திருப்பிக் கொடுக்கும் விதி என்று பார்த்தால் அதுவும் கேமுக்குத் தைத்த சட்டைதான். வாங்கி பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருக்க வேண்டும். பேனா டேப்லெட்டின் அழுத்தத்தைச் சரிசெய்து, பிரஷ்களை ஏற்றி, ஷார்ட்கட் மாற்றி முடிப்பதற்குள் அந்த இரண்டு மணி நேரம் போய்விடும். இன்னும் ஒரு கோடு போட்டிருக்க மாட்டோம்.

2024-ல் ஒரு நல்ல வசதி வந்தது. ஸ்டீமில் வாங்கிய எதையும் 'தனிப்பட்டது' என்று குறித்து மற்றவர்களிடமிருந்து மறைத்து வைக்கலாம். கிரிட்டாவைக் குறித்தேன். வீட்டில் நிம்மதி.

அக்கா மகன் இப்போது டிசைன் படிக்கிறான். கிரிட்டாவை எங்கே வாங்குவது என்று கேட்டான். "தளத்துல சும்மா இறக்கிக்கோ, சம்பாதிக்கும்போது காசு கொடு" என்றேன். கேட்கவில்லை. "ஸ்டீம்ல மணிக்கணக்கு காட்டுமே மாமா" என்று பாக்கெட் மணியில் அங்கேயே வாங்கினான். இப்போது அவனுக்கு 190 மணி நேரம். போன வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு அவன் பெயர் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. நான் அக்காவிடம் சொல்லவில்லை.